ஒரு கட்டை ஏற்றிய சுருதி

சதாசிவம் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மலாயாவில், செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி அவர். பெண்சாதியை இழந்து தனியாக இருந்தவர். பகலில் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் வாய் பொத்தி நிற்கிற ஆசாமி, சாயங்காலம் ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. தோட்டத்து நாடக சபாவுக்கு அவர்தான் வாத்தியார். பாட்டுக் கட்டுவார், வசனம் சொல்லிக்கொடுப்பார், ஜோகூர் பாருவில் தெரிந்தவர்களிடம் கெஞ்சி ஜிகினா வைத்த உடுப்புகளை இரவல் வாங்கி வருவார். ராணி வேஷம் போடுகிற காளியப்பனிடம் மீசையை எடுக்கச் சொல்லி வருஷா வருஷம் காலில் விழாத குறையாக மன்றாடுவதும் அவர்தான். சபாவில் இருந்தவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், களை பிடுங்குகிறவர்கள், ஒரு மாட்டுவண்டிக்காரர். நாடகம் அவர்களில் ஒருவருக்கும் சோறு போடவில்லை. ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் நாடகம் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

முப்பத்தாறாம் வருஷத் திருவிழாவுக்கு அவர் எழுதியது 'உறக்கங்கெட்ட ராஜா' என்ற சிரிப்பு நாடகம். முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தூக்கம் வராமல் போய்விடுகிறது. தன்னைப் பாடித் தூங்கவைப்பவருக்குப் பாதி ராஜ்யம் என்று முரசு அறைகிறான். ராணி வந்து பாடுகிறாள். பாடிக்கொண்டே அவளே தூங்கிவிடுகிறாள். மந்திரி பாடுகிறான், அவனும் குறட்டை. சேனாபதி, சோசியன், சமையல்காரன் என்று வந்தவர்கள் எல்லாரும் பாடிப் பாடிச் சபையிலேயே சரிந்து கிடக்க, ராஜா மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, 'நித்திரையே, என் வாசல் உனக்கு மறந்ததோ' என்று உச்சத்தில் ஒரு பாட்டு எடுக்க வேண்டும். கடைசியில் ஒரு கழுதை வந்து கத்த, அந்தக் கத்தலில் ராஜா சுகமாகத் தூங்கிப்போகிறான். இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் நாடகத்தில் கிடையாது.

அந்த உச்சப் பாட்டு சதாசிவத்தின் பழைய சொத்து. முன்பெல்லாம் ராஜபார்ட் அவர்தான். வயது ஏறி, முன்பற்கள் போய், பல்லிடுக்கில் காற்றுப் போக ஆரம்பித்ததும் கிரீடம் கைமாறியது. இப்போது ராஜா, பால் வெட்டுகிற ஐயாசாமி. வெண்கல மணி மாதிரி குரல். குனிந்து மரத்தைச் சீவும்போது அவன் முணுமுணுத்தால்கூட அடுத்த நிரையில் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். வாத்தியார் என்றால் அவனுக்கு உயிர். ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் சுமந்து கொண்டுவருவதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பதும் அவன்தான்; வேறு யாரையும் தொட விட மாட்டான்.

திருவிழா நாடகம் அம்மனுக்குச் செய்கிற காணிக்கை. அதனால் அதற்கு ஒரு கட்டு இருந்தது. திருவிழாவுக்குக் கொடியேறியதும் வேஷக்காரர்கள் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கவிச்சி கூடாது, கள்ளு கூடாது, பாயில் படுக்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டிக்கொண்டவன் மட்டுமல்ல, அவன் பெண்சாதியும் தாண்டக் கூடாது. பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டும் செத்த வீட்டுத் தீட்டும் காப்பைத் தொட்டால் அம்மாவுக்கு ஆகாது என்பார்கள். நாடகம் சிரிப்பு நாடகமாக இருந்தாலும் விரதம் விரதம்தான்.

கடைசி ஒத்திகை பெரட்டுக் கொட்டகையில் நடந்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அதே இடம். ஐயாசாமி அந்தப் பாட்டை எடுத்தான். 'மறந்ததோ' என்ற இடத்தில் குரல் ஏறி, அங்கேயே நின்று, இறங்க மனசில்லாமல் இறங்கியது. கொட்டகையே கப்சிப். பெரிய கங்காணி மணியம் கோயில் தலைவரும் கூட. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"முந்தி நம்ம வாத்தியாரு இந்த எடத்துக்கு வந்தாருன்னா நாங்க எல்லாம் கண்ண மூடிக்குவோம்லா. எங்க வழுக்கி விழுந்துடுவாரோன்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். சதாசிவமும் சிரித்து வைத்தார். கங்காணி சிரித்தது அவருக்கு உறைக்கவில்லை. கங்காணிக்கு ஆர்மோனியத்துக்கும் அரிசி மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. கூட்டத்தோடு சேர்ந்து ஐயாசாமியும் சிரித்தான். அதுதான் போய்த் தைத்தது. அவன் சிரித்ததும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவர் அந்தச் சிரிப்பையே வெற்றிலை மாதிரி மென்றுகொண்டு கிடந்தார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சும்மா ஒரு பாடம். மேடையில் ஒரு நிமிஷம் திணறட்டும், பெட்டிப் பக்கம் திரும்பி 'வாத்தியாரே' என்று ஒரு பார்வை பார்க்கட்டும், அவ்வளவு போதும். கெடுவான் கேடு நினைப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நாடகத்தன்று காஸ் விளக்கு வெளிச்சத்தில் கோயில் திடல் நிரம்பி வழிந்தது. துரைகூட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காளியப்பன் ராணியாக வந்து, பாடிக்கொண்டே தூங்கி, மந்திரி மேல் சாய்ந்தபோது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரும் தூங்கி முடித்தார்கள். ராஜா தனியாக நடு மேடைக்கு வந்தான்.

ஒத்திகையில் அந்தப் பாட்டுக்குச் சுருதி நாலு கட்டை. சதாசிவத்தின் கை பெட்டியில் ஒரு வெள்ளைக் கட்டை வலப்பக்கம் நகர்ந்தது. ஐந்து கட்டை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கிரீடமும் கூட்டமுமாக மயங்கி நிற்கிற பாடகனுக்கும் சட்டென்று தெரியாது. பெட்டி என்ன சுருதி கொடுக்கிறதோ அதை அப்படியே வாங்கிப் பாடுவதுதான் அவன் பழக்கம். அவனை அப்படிப் பழக்கியவரும் இவர்தான்.

கீழே இருந்த வரிகள் சுகமாகவே போயின. 'என் வாசல் உனக்கு' வரைக்கும் வந்தான். 'மறந்ததோ' என்று மேலே போனான். குரல் கீறிக்கொண்டு உடைந்தது. கண்கள் பிதுங்க மறுபடி எடுத்தான். மறுபடியும் உடைந்தது, இந்தத் தடவை இன்னும் அசிங்கமாக. கழுதை வேஷத்தில் ஓரத்தில் காத்திருந்த பபூன் அய்யாவு சும்மா இருப்பானா? தலையை நீட்டி, "மகாராஜா, நான் இன்னும் மேடைக்கே வரலையே, அதுக்குள்ள யாரு கத்துனது?" என்றான்.

திடல் அதிர்ந்தது. துரை கை தட்டினார். ஐயாசாமி பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். படுதாவை இறக்கினார்கள். சதாசிவத்தின் விரல்கள் இன்னும் கட்டை மேலேயே இருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'சுருதி தப்பிப்போச்சு, என் தவறு' என்று ஒரு வார்த்தை. பொய் கலந்த உண்மைதான், ஆனாலும் போதுமாக இருந்திருக்கும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் பெட்டியை மூடினார்.

காலையில் விஷயம் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற நாடகம் ஊருக்கு ஆகாது. நாடகம் முடியாமல் கொடி இறக்க முடியாது. கொடி இறங்காமல் காப்பு அவிழ்க்க முடியாது. காப்பு அவிழ்க்காமல் கருவாடு இல்லை, கள்ளு இல்லை. சபாக்காரர்கள் எல்லாரும் கள்ளுக்கடைப் பக்கம் ஏக்கமாகப் பார்த்தபடி அலைந்தார்கள். குற்றவாளி ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். வெண்கலக் குரல் எப்படி உடையும்? அம்மா கை வைத்திருக்கிறாள். அம்மா எதற்குக் கை வைப்பாள்? யாரோ விரதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். ஐயாசாமி கெடுக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவன் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஐயாசாமியின் பெண்சாதி சந்திரமதி. அவளுடைய தங்கைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அந்த வாரம்தான் தலைப்பிரசவம். புருஷன் காப்புக் கட்டியிருந்ததால் அவள் போகவில்லை. ஆனால் ஒரு நாள் ரோட்டோரத்து எல்லைக்கல் பக்கத்தில் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியிடம் தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்திருக்கிறாள். நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள் என்பது சொல்லச் சொல்லத் தேய்ந்து, அந்தப் பக்கம் நின்றாள் என்றாகி, மத்தியானத்துக்குள் தங்கை வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தாள் என்று முடிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"நான் தாண்டலை" என்றாள் சந்திரமதி. கோயில் முன்னால் கூட்டம் கூடியபோதும் அதையேதான் சொன்னாள். "கல்லுக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன். அம்மா மேல சத்தியம்."

"குரல் ஒடஞ்சது பொய்யா?" என்றார் மணியம்.

அதற்கான பதில் கூட்டத்தின் ஓரத்தில் வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றது. சதாசிவம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்போது சொன்னால் என்ன ஆகும்? அம்மன் காணிக்கையைக் கெடுத்தவர் என்பார்கள். பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். துரை காதுக்குப் போகும். அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது என்கிற ரகத்து யோசனை.

"கங்காணியாரே, ஒண்ணு செய்யலாம்" என்றார். "அம்மா முன்னாலேயே ஐயாசாமி அந்தப் பாட்ட இன்னொரு தடவ பாடட்டும். நான் பெட்டி போடுறேன். குரல் ஒழுங்கா வந்துச்சுன்னா யாரு மேலயும் குத்தம் இல்ல. சரிதானே?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. சந்திரமதி அவரை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் பெட்டியை எடுக்கப் போனார்.

நாலு கட்டைதான் வைத்தார். சத்தியமாக நாலு கட்டை. அம்மன் முன்னால் விரல் நடுங்காமல் சரியான சுருதியைக் கொடுத்தார். ஐயாசாமி கைகூப்பி நின்று பாட ஆரம்பித்தான். அவன் கழுத்து நரம்பு தெறித்து நின்றதையும், உச்சம் வருவதற்கு முன்பே கண்ணில் பயம் வந்துவிட்டதையும் அவர் கவனித்தார். நூறு தடவை அனாயாசமாக ஏறிய படிதான். 'மறந்ததோ' என்ற இடத்தில் குரல் தானாக ஒடுங்கி, விரிசல் விட்டு, நின்றுபோனது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூசாரி வேப்பிலையால் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணியம் தீர்ப்புச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை சந்திரமதி தீச்சட்டி எடுத்து, அம்மாவிடம் தப்பைச் சொல்லிக் கும்பிட வேண்டும். மறுநாள் நாடகத்தை முடித்துக் கொடி இறக்கிவிடலாம். அதுவரை அவள் மேல் இருந்தது சந்தேகம். சதாசிவத்தின் யோசனைக்குப் பிறகு அது குற்றம். பிள்ளையார் பிடிக்கப் போனவர் கையில் குரங்கு உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு மண்ணாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. பார்க்கிற இடமெல்லாம் அவள் நன்றியோடு பார்த்த பார்வை வந்து நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுப்பு இல்லை, நெஞ்சில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், பால் நிறுக்கிற கொட்டகையில் மற்றவர்கள் வாளியைக் கழுவிக்கொண்டு போகிற வரை காத்திருந்து, ஐயாசாமியை நிறுத்தினார்.

"ஐயாசாமி, உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலப்பா. அன்னிக்கு நாடகத்துல நான் சுருதிய ஏத்தி வெச்சேன். அஞ்சு கட்டை. வேணும்னுதான் வெச்சேன்."

ஐயாசாமி புரியாமல் பார்த்தான். "ஏன் வாத்தியாரே அப்படிச் செய்யப்போறீங்க?"

"பொறாமை." அந்தச் சொல் வெளியே வந்ததும் அவருக்கு மூச்சு லேசாகியது. "கங்காணி சொன்னதுக்கு நீ சிரிச்சே. எனக்குத் தாங்கல. உன் பெண்சாதி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என்னுது."

ஐயாசாமியின் கண் கலங்கியது. அவன் கோபப்படுவான், கை ஓங்குவான் என்று நினைத்தார். ஓங்கினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். அவனோ குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"எனக்குத் தெரியும் வாத்தியாரே, நீங்க இப்படி ஏதாச்சும் செய்வீங்கன்னு. எங்க குடும்பத்துக்கு வந்த பழிய நீங்க தலையில தூக்கிக்கப் பாக்குறீங்க. வேணாம்."

"அட, நிசமாத்தான்டா சொல்றேன்!"

"அப்ப கோயில்ல எத்தனை கட்டை வெச்சீங்க?"

"நாலு."

"நாலுலயும் ஒடஞ்சுதே." ஐயாசாமி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "ஒடஞ்சது இங்க. உங்க பெட்டியில இல்ல. அம்மா வந்து இங்க கைய வெச்சது எனக்கே தெரிஞ்சுது."

"பயம்டா அது. ஒரு தடவ ஒடஞ்ச பயம்."

அவன் தலையை ஆட்டினான். அம்மன் கை வைத்த தொண்டை என்பது ஒன்று. கிழட்டு வாத்தியாரின் வயிற்றெரிச்சலில் உடைந்த தொண்டை என்பது வேறு. அவன் எதை நம்புவான்? "சந்திரமதி போகலன்னுதான் சொல்றா. ஆனா கூடப் பொறந்தவளுக்குத் தலைப்பிள்ளைன்னா பொம்பள மனசு கேக்குமா வாத்தியாரே? போயிருப்பா. சொல்லப் பயப்படுறா. நான் அவள ஒண்ணும் சொல்லல. மன்னிச்சிட்டேன்."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் கொடுத்தாகிவிட்டது. சதாசிவம் அங்கிருந்து நேராக மணியம் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கங்காணி வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கிராணியாரே, நீங்க பெண்டாட்டி இல்லாத மனுசன். அவ அடுத்தவன் பொஞ்சாதி. அவளுக்காக நீங்க இம்புட்டுத் துடிக்கிறீங்கன்னு வெளிய தெரிஞ்சா, நாலு பேரு என்ன பேசுவான்? தீச்சட்டியோட போறத வேற மாதிரி ஆக்கிவிட்றாதீங்க."

சதாசிவம் வீடு திரும்பினார். அவளுக்கு இன்னொரு கெட்ட பேர் வந்துவிடக் கூடாது, அதனால்தான் இனிப் பேசவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதிக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சந்திரமதி ஆற்றில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஈரத் தலையோடு தீச்சட்டி எடுத்தாள். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். தப்பைச் சொல்லிக் கும்பிட வேண்டும் என்பதுதானே கட்டளை? கோயில் வாசலில் பூசாரி, "சொல்லும்மா" என்றார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கைகூப்பிக் கெஞ்சுகிற மாதிரி நின்றான். "தப்பு நடந்துபோச்சு தாயே, மன்னிச்சிரு" என்றாள் சந்திரமதி. யார் தப்பு என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சதாசிவம் கூட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தார். "நான்தான்" என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து உறுமி உச்சத்துக்குப் போனது. பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். மேளம் நின்ற பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் திடலில் மறுபடி கூட்டம். முதலிலிருந்தே ஆரம்பித்தார்கள். காளியப்பன் தூங்கினான், மந்திரி தூங்கினான், சேனாபதி தூங்கினான். கருவாட்டுக்கும் கள்ளுக்கும் இன்னும் ஒரு பாட்டுத்தான் பாக்கி என்ற நினைப்பில் சபையே பரபரத்தது. ஐயாசாமி கிரீடத்தோடு நடு மேடைக்கு வந்தான். முகம் தெளிந்திருந்தது. கழுத்து நரம்பு தளர்ந்திருந்தது. அவனைப் பழக்கியவருக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: இன்றைக்கு இவன் பாடிவிடுவான்.

அப்போதுதான் சதாசிவத்துக்கு உறைத்தது. நாலு கட்டை வைத்தால் இவன் குரல் ஏறும். ஏறினால், தீச்சட்டி எடுத்ததால்தான் ஏறியது என்று ஆகும். அவள் குற்றவாளி என்பதற்கு அம்மனே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஐந்து கட்டை வைத்தால் உடையும். உடைந்தால் அவள் மேல் பழி இல்லை என்று ஆகுமா? ஆகாது. வேறு என்ன மறைத்தாய் என்று அவளைத்தான் கேட்பார்கள். அவன் பாட்டும் அன்றோடு முடிந்துபோகும். எந்தக் கட்டையில் விரலை வைத்தாலும் பாவம் அவர் கையை விட்டுப் போகாது. துருத்தியை அழுத்தினார், கட்டையில் விரல் வைக்கவில்லை. ஐயாசாமி பெட்டிப் பக்கம் திரும்பி, சுருதிக்காகக் காத்து நின்றான். அன்றைக்கு எந்தப் பார்வைக்கு அவர் ஆசைப்பட்டாரோ, அதே பார்வை.

நாலு கட்டையில் விரல் வைத்தார்.

குரல் ஏறியது. 'மறந்ததோ' என்று உச்சத்தில் போய் நின்று, சுழன்று, அங்கேயே குடியிருந்துவிட்டு இறங்கியது. திடல் எழுந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கோயிலைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். "பாத்தீங்களாலா! அம்மா மன்னிச்சிட்டா!" என்று மணியம் கத்தினார். கழுதை வந்து கத்தியதையும் ராஜா தூங்கியதையும் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. கொடி இறங்கியது. காப்பு அவிழ்ந்தது. ஆண்பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சதாசிவம் மேடையோரத்தில் பெட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே நிழல் விழுந்தது. சந்திரமதி. சட்டியின் சூடு ஏறிய உள்ளங்கைகளில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தாள்.

"பால் கொட்டாயில நீங்க சொன்னத எங்க வீட்டுக்காரரு எங்கிட்டச் சொன்னாரு" என்றாள். "நமக்காக எப்படிப் பொய் சொல்றாரு பாரு, வாத்தியாரு மாதிரி மனுசன் உண்டான்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அது பொய்யில்லன்னு எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துலயே நீங்க சொன்னத நம்புற ஆளு நான் ஒருத்திதான். ஏன்னா நான் கல்லைத் தாண்டலைன்னு எனக்கு மட்டுந்தானே தெரியும்."

"அம்மா, நான் வேணும்னா இப்பவே எல்லார் முன்னாலயும்…"

"இப்பச் சொல்லி?" அவள் குரல் உயரவே இல்லை. "அவருக்குக் குரல் வந்துடுச்சு. இனிமே நீங்க சொன்னாலும் எடுபடாது, நான் சொன்னாலும் எடுபடாது. அவரு என்ன மன்னிச்சிட்டாராம் ஐயா. ராத்திரியெல்லாம் பிரியமா பேசுறாரு, ஒரு வார்த்த கோவமா சொல்லல. நான் பொய் சொன்னேன்னு முழுசா நம்பிட்டு, பிரியமா பேசுறாரு. நான் இருக்கிற காலம் வரைக்கும் அந்த வீட்லதான் இருக்கணும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வாத்தியாரே! வாத்தியாரே!" என்று ஐயாசாமி ஓடி வந்தான். முகத்தில் பூசிய அரிதாரம் வியர்வையில் வழிந்தது. பின்னால் பாதித் தோட்டமும் வந்தது. கழுத்தில் கிடந்த சாமந்தி மாலையைக் கழற்றி, சதாசிவத்தை எழுப்பி நிறுத்தி, அவர் கழுத்தில் போட்டான். "இந்தக் குரலு இவரு குடுத்தது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். கூட்டம் கை தட்டியது. மாலையின் கனத்தில் சதாசிவம் நிமிர்ந்து பார்த்தார். ஐயாசாமிக்குப் பக்கத்தில் சந்திரமதி நின்றாள். புருஷன் அவளைப் பார்த்துச் சிரித்து, நீயும் தட்டு என்று சைகை காட்டினான். மஞ்சள் பூசிய அந்தக் கைகளைச் சேர்த்து அவளும் தட்டினாள்.